ஜஸ்ட் டிராயரைக் காணோம்

கொலை என்றால் எனக்குப் பயம், களவு என்றால் சலிப்பு. ஆனால் அன்று மதியம் இரண்டு மணிக்கு அண்ணி போனை வைத்துவிட்டு, "தம்பி, செருப்பைப் போடு, ஒரு டிராயரைக் காணோமாம்" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. டிராயரில் வைத்தது காணாமல் போவதுண்டு. டிராயரே காணாமல் போய் நான் கேள்விப்பட்டதில்லை.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். எரிந்துபோன கடை தானாக எரிந்ததா, ஆள் வைத்து எரித்ததா என்று போய்ப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அதை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த டிராவல் ஏஜென்சி அதே மாதம் இழுத்து மூடப்பட்டதால், அவருடைய உதவியாளர் ஆனேன். டாக்ஸி கூப்பிடுவது, குடை பிடிப்பது, அண்ணி யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகிய மூன்றும் என் பொறுப்பு. மூன்றாவதில் நான் கொஞ்சம் வீக்.

வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் 'வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேர ஆங்கிலப் பேச்சு வகுப்பு' என்று பலகை. முன்னால் பெஞ்சு போட்ட கூடம், பின்னால் சமையலறை, நடுவில் ஓர் அறை. வகுப்பு நடத்தும் அம்மாவை எல்லோரும் கார்டு டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது நடு அறைக்குள் போனதும் தெரிந்துவிட்டது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மர அலமாரி. அதில் இருபத்துநான்கு நீள டிராயர்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பித்தளை வளையம், ஒரு சீட்டு. ஆல்வேஸ், நெவர், ஸ்டில், ரியலி, ப்ராபப்ளி. நடுவில் ஒன்று மட்டும் பல் விழுந்த இடம்போல ஓட்டையாக இருந்தது.

"ஜஸ்ட் போச்சு. முந்தாநாள் காலையில பார்த்தா இல்ல" என்றார் டீச்சர். அழுது முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டிருந்தார் போலும்.

அவர் சொன்ன கதையை என் பாஷையில் சொல்கிறேன். நாம் ஆங்கிலம் பேசும்போது, ஒரு காரியத்தைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் அது எப்படி, எப்போது, எந்த அளவு என்று காட்ட ஒரு குட்டிச் சொல்லைச் செருகுகிறோம். வினையடை என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தோமே, அதுதான். பேச்சில் பல பேருக்கு ஒன்று போதுவதில்லை, இரண்டாகச் செருகுகிறார்கள். 'ஐ ஜஸ்ட் ரியலி வான்ட் டு ஸ்லீப்' என்று ஒருவர். 'ஷீ ஸ்டில் ஆல்வேஸ் ஃபர்கெட்ஸ்' என்று இன்னொருவர். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு ஜோடி சேருகிறது, யார் முன்னால் நிற்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்பதைப் பதினோரு வருடமாக டீச்சர் காதால் பிடித்துக் கார்டில் எழுதி வந்திருக்கிறார். பஸ்ஸில், வங்கியில், படிக்கட்டில், பல் பிடுங்கப் போன இடத்தில்கூட. வாக்கியம், தேதி, இடம், பேசியவர் யார், எல்லாம் கார்டில் உண்டு. புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் சம்மதித்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கு அலமாரியை ஏற்றிப் போக வேன் வருகிறது. ஒரு டிராயர் குறைந்தாலும் ஏற்ற மாட்டோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்களாம்.

"ஜஸ்ட்தாங்க இதுல ராஜா. எல்லாரோடயும் ஜோடி சேரும். அது இல்லாம என் புத்தகமே இல்ல" என்றார் டீச்சர்.

நான், "என்னோட பழைய மேனேஜர்கிட்ட ஒரு மணி நேரம் பேசினா நீங்க ரெண்டு டிராயர் ரொப்பியிருக்கலாம்" என்றேன். டீச்சர் உடனே பென்சிலை எடுத்து அவர் விலாசம் கேட்டார்.

அண்ணி தண்ணீர் கேட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர்தான் கேட்பார். தாகம் எல்லாம் கிடையாது. யார் எழுந்து போகிறார்கள், எங்கிருந்து எடுக்கிறார்கள், எதில் கொண்டுவருகிறார்கள் என்று பார்த்தால் வீட்டைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

எழுந்து போனவர் டீச்சரின் தங்கை. நாற்பது வயது இருக்கும். அக்கா கிறுக்குவதை டைப் அடித்து அடுக்கி வைப்பது, சமைப்பது, வகுப்புக்கு ஆள் சேர்ப்பது, அலமாரிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பது எல்லாம் அவர்தான். பூப்போட்ட துணி நாலு பக்கமும் தொங்கும் ஒரு நீளமான தட்டில் மூன்று தம்ளர்களை வரிசையாக வைத்துக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் மட்டும் துணிக்கு வெளியே கைப்பிடி வளையம் எட்டிப் பார்த்தது. இன்னொரு பக்கத்துக் கைப்பிடி கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிஸ்கட்டும் வந்தது, காகிதத்தில். சமையலறைப் பரணில் அவ்வளவு பெரிய பிஸ்கட் டின் இருக்கும்போது காகிதத்தில் ஏன் தருகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

தங்கையிடம் அண்ணி நாலு கேள்வி கேட்டார். பூட்டு உடையவில்லை, சாவி தன்னிடம்தான் இருந்தது, தான் எதையும் பார்க்கவில்லை என்று நிதானமாகச் சொன்னார். மணி என்ன என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

"அவளுக்கு எங்கேயோ வெளியூர் ஆஸ்பத்திரியில வேலையாம். நோயாளிங்க ரெக்கார்டையெல்லாம் பார்த்துக்கற பொறுப்பு. அஞ்சு மணிக்குள்ள வர்றேன், வரலைன்னு போன்ல சொல்லணுமாம். இருக்கற அவசரத்துல இது வேற" என்றார் டீச்சர்.

தங்கை தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணி அவர் போவதையே பார்த்தார்.

துப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓட்டைக்குக் கீழே தரையில் ஒரு கார்டு கிடந்ததாம். டிராயரை உருவிய அவசரத்தில் விழுந்திருக்க வேண்டும். அதில் இருந்த வாக்கியம், 'ஐ ஜஸ்ட் ஆல்வேஸ் யூஸ் ஒன்.' நான் எப்போதும் ஒன்றுதான் போடுவேன் என்று அர்த்தம். பேசியவர்: ஒத்தை சார்.

ஒத்தை சார் இந்த வகுப்பிலேயே இலக்கணம் எடுப்பவர். ஒரு வினைக்கு முன்னால் ஒரே ஒரு அடைதான் வரலாம், இரண்டு போடுகிறவன் வீட்டில் இரண்டு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்கிறானா என்பது அவர் கொள்கை. வகுப்பில் யாராவது இரண்டு போட்டால், அதை ஒன்றாக்கும்வரை பெஞ்சுமேல் நிற்க வேண்டும். அப்பேர்ப்பட்டவர் வாயிலிருந்து மட்டும் டீச்சர் பிடித்த ஜோடிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அது அவருக்குப் போன வாரம்தான் தெரிய வந்ததாம். பேர் போடாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார். டீச்சர் யோசிப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அவர்தான். போலீஸ்ல சொல்லிடலாமா?" என்றார் டீச்சர். அண்ணி ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டார்.

பகலில் ஒத்தை சார் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, யாரும் படிக்காத அந்தக் காகிதத்தை அவர் மட்டும் படிக்கிறார். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு, எறும்பு மாதிரி எழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தார். அண்ணி கார்டை ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவர் படித்தார். காது சிவந்தது.

"இது நான் பேசினது இல்ல" என்றார்.

வகுப்புப் படிக்கட்டில், பெஞ்சுமேல் நிற்க மறுத்த ஒருவரைத் திட்டும்போது, சாயங்காலம் ஆறு நாற்பதுக்குப் பேசியது என்று நான் கார்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மனிதர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். எதற்காக இதைக் கொண்டுவந்தோம் என்று கேட்டார். டிராயர் காணாமல் போனதை அண்ணி சொன்னார்.

"போச்சா? முழு டிராயருமா?"

"முழுசா."

அவர் முகம் மலர்ந்தது. அப்படியொரு மலர்ச்சியை நான் இதுவரை கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், எங்கள் இருவருக்கும் டீ சொன்னார். சந்தோஷம் தாங்காமல் ஆங்கிலத்துக்கே தாவிவிட்டார்.

"ஐ ஜஸ்ட் டோட்டலி கான்ட் பிலீவ் இட்" என்றார்.

நான் விரல்விட்டு எண்ணினேன். இரண்டு வந்தது. அண்ணி என் காலை மிதித்ததால் அதை வெளியே சொல்லவில்லை.

தெருவுக்கு வந்ததும், ஆள் மாட்டிக்கொண்டார் என்று நான் குதித்தேன். இவ்வளவு சந்தோஷப்பட வேறு காரணம் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"அதனாலதான் அவர் இல்ல. எடுத்தவனா இருந்தா டிராயர் போனது அவனுக்குப் பழைய சேதி. இவருக்கு அது இப்பத்தான் தெரியுது. இந்த மனுஷனால ஒரு சந்தோஷத்தையே மறைக்க முடியல, டிராயரை எங்க மறைக்கப் போறார்?" என்றார் அண்ணி.

இருந்த ஒரே துப்பும் டீயோடு போய்விட்டது. மூன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தோம். டீச்சர் ஜன்னலில் நின்று வேன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி நேரே அலமாரிக்குப் போய், சும்மா ஆல்வேஸ் டிராயரை இழுத்துக் கார்டுகளைப் புரட்டினார். திடீரென்று நிறுத்தினார். கைப்பையிலிருந்து நம் ஒற்றைத் துப்புக் கார்டை எடுத்து, டிராயரில் இருந்த ஒரு கார்டின் பக்கத்தில் பிடித்தார். அதே வாக்கியம், அதே படிக்கட்டு, அதே ஆறு நாற்பது.

"இது எப்படி இங்க இருக்கு?"

"இருக்காம? ஒரு கார்டுல ரெண்டு வார்த்தை இருக்குல்ல. அதனால ரெண்டு காப்பி. ஒண்ணு முதல் வார்த்தை டிராயர்ல, இன்னொண்ணு ரெண்டாவது வார்த்தை டிராயர்ல. கார்பன் வெச்சு என் தங்கை ஒரே அடியில ரெண்டா அடிச்சுடுவா" என்றார் டீச்சர்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜஸ்ட் டிராயரில் இருந்த ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மறுபிரதி மற்ற இருபத்துமூன்று டிராயர்களில் பத்திரமாக இருக்கிறது. பொறுக்கி எடுத்தால் போன டிராயர் அப்படியே திரும்ப வந்துவிடும். இரண்டு நாள் அழுதவருக்கு இது ஏன் தோன்றவில்லை?

"எனக்கு எழுதத்தாங்க தெரியும். அடுக்கறது அவ வேலை" என்றார் டீச்சர் பரிதாபமாக.

"இப்படி ரெண்டு காப்பி இருக்கறது வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்குத்தான்."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு டிராயராக இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். கடைசி வரிசையில் ஹானஸ்ட்லி என்று ஓர் ஒல்லி டிராயர். மொத்தம் பத்துக் கார்டு தேறாது. அதில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அண்ணி அதைப் படித்தார். என்னிடம் காட்டவில்லை. மெதுவாக டிராயரை மூடிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, தெரியாதவன் எடுத்தா அது மறைக்கறதுக்கு. மறுபிரதி இருக்குன்னு தெரிஞ்ச ஆள் எடுத்தா எதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதபோது நான் பேசாமல் இருப்பது அபூர்வம், அதை அண்ணியும் பாராட்டினார்.

பிறகு டீச்சரிடம், ஜஸ்ட் கார்டுகளை இப்போதே பொறுக்கலாம், நீங்கள் ஒவ்வொன்றாக உரக்கப் படியுங்கள், தம்பி அடுக்குவான் என்றார். சின்ன டிராயரிலிருந்து தொடங்கலாம் என்று ஹானஸ்ட்லியை உருவி, டீச்சரை உட்காரவைத்து மடியில் வைத்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றும் கேட்டார்.

டீச்சருக்குப் புது உயிர் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்ற கார்டைத்தான் முதலில் எடுத்தார். வகுப்பில் படிக்கும் கணீர்க் குரலில் படித்தார்.

"ஐ ஹானஸ்ட்லி ஜஸ்ட் கான்ட் லீவ் ஹெர். இடம், சமையலறை. போன மாசம் ஒன்பதாம் தேதி. பேசியவர், தங்கை. குறிப்பு, அபூர்வமான ஜோடி, ரொம்ப நல்லா இருக்கு."

கார்டை என்னிடம் நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. திரும்ப இழுத்துப் படித்தார். இந்த முறை குரல் வெளியே வரவில்லை. என்னால் அவளை விட்டுவிட்டு வர முடியாது, சத்தியமாக முடியாது. அதுதான் அந்த வாக்கியம். பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பிடித்தவர், ஒன்றின் அர்த்தத்தில் அன்றுதான் தடுக்கி விழுந்தார்.

தங்கை தண்ணீரோடு வாசலில் நின்றார். அதே பூத்துணி, அதே தட்டு.

"யாரை விட்டுட்டு?" என்று கேட்டார் டீச்சர்.

"உன்னைத்தான்கா. ஆஸ்பத்திரிலேர்ந்து மொதல்ல கூப்பிட்டப்போ சொன்னேன். நீ அடுப்புப் பக்கத்துல நின்னு எழுதிட்டிருந்தே. எழுதி முடிச்சதும் போயிட்டே. மறுநாள் காலையில நான் பேசினதை நானே டைப் அடிச்சேன், ரெண்டு காப்பி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மூணு தரம் சொன்னேன். மூணு தரமும் பென்சிலை எடுத்தே."

அண்ணி எழுந்து போய்த் தட்டிலிருந்த மூன்று தம்ளர்களையும் எடுத்து என் கையில் திணித்தார். பூத்துணியை உருவினார். தட்டைக் கவிழ்த்தார். கவிழ்த்ததும் அது நிமிர்ந்தது. நீளமான மர டிராயர், நெற்றியில் பித்தளை வளையம், அதற்கு மேலே 'ஜஸ்ட்' என்று சீட்டு. கழன்று விழுந்ததாக நான் நினைத்த இரண்டாவது கைப்பிடி ஜென்மத்திலும் இருந்ததில்லை. மத்தியானம் அதன்மேல் தம்ளர் வைத்துக் குடித்துவிட்டு, அதைத் தேடி ஊரெல்லாம் சுற்றியவன் நான்.

"கார்டெல்லாம் பிஸ்கட் டின்லதானே இருக்கு?" என்று கேட்டார் அண்ணி. தங்கை ஆமாம் என்று தலையசைத்தார்.

"ரெண்டு நாளா அக்காவுக்கு டீயே இதுலதான் வெச்சுக் குடுத்தேன். ஒரு தடவையாவது குனிஞ்சு பார்ப்பான்னு நினைச்சேன். பார்க்கல. சரி, டிராயர் காணாமப் போனா மத்ததுலேர்ந்து பொறுக்கியாகணுமே, அப்பவாவது ஒவ்வொண்ணா படிப்பா, இந்தக் கார்டையும் படிப்பான்னு தூக்கி வெச்சேன். அதுக்கும் அழுதாளே தவிர, படிக்கல. நீங்க வர வேண்டியிருந்தது." அக்கா பக்கம் திரும்பினார். "உன் புத்தகத்தைக் கெடுக்கணும்னு இல்லக்கா. அஞ்சு மணிக்குள்ள நீ 'போ'ன்னு சொல்லணும், இல்ல 'போகாதே'ன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு உன் வாயால கேட்டா போதும் எனக்கு."

மணி நாலே முக்கால். டீச்சர் அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் போகாதே என்று சொல்லத்தான் ஆசை. அது முகத்தில் தெரிந்தது, என்னைப் போன்ற உதவியாளனுக்கே தெரிந்தது. தங்கை போய்விட்டால் டைப் அடிக்க ஆள் இல்லை, சமைக்க ஆள் இல்லை, அதைவிடப் பெரிதாக, பேச ஆள் இல்லை. எனக்கு நக்கல் எதுவும் வரவில்லை.

"உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா?" என்றார் டீச்சர்.

"ரொம்ப."

"அப்ப போ."

கீழே வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் ஜன்னலில் தலையை நீட்டி, பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன். தங்கை சமையலறைக்குப் போய் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். டீச்சர் பின்னாலேயே போய் அடுப்புப் பக்கத்தில், வழக்கமான இடத்தில் நின்றார். கையில் பென்சில் இருந்தது. இருபது வருட இன்சூரன்ஸ் அனுபவம் உள்ள என் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பென்சிலையே பார்த்தார்.

"யெஸ்," என்றார் தங்கை போனில். "ஐ ஆக்சுவலி ரியலி வான்ட் டு கம்."

ஆக்சுவலி, ரியலி. ஒரு கார்டு, இரண்டு காப்பி. டீச்சரின் விரல்கள் ஒருமுறை துடித்தன. பிறகு பென்சிலை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, தங்கை பேசி முடிக்கும்வரை கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிஸ்கட் டின்னிலிருந்த கார்டுகளை டிராயரில் அடுக்கி நாங்களே வேனில் ஏற்றினோம். ஒத்தை சாருக்கு மறுபிரதி விஷயத்தைச் சொல்ல வேண்டாம், புத்தகம் வரும்வரையாவது மனிதர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். இருபத்துநான்கு டிராயரும் சரியாக இருப்பதாக டிரைவர் எழுதிக் கொடுத்தார். இரண்டு கார்டு மட்டும் குறைவு. ஹானஸ்ட்லியிலிருந்து ஒன்று, ஜஸ்டிலிருந்து ஒன்று. ஒன்றைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை டீச்சர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.